ஒரே வருஷத்துல ரெண்டு ஜாக்சன்: 1832-ல சவுத் கரோலினாவும் ஜார்ஜியாவும்

அமெரிக்க அதிபர்கள்ல யாரு பெரிய ஆளுன்னு பேச்சு ஆரம்பிச்சா, ஆண்ட்ரூ ஜாக்சன் பேரு வந்த உடனே கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுடும். நாடு உடையாம காப்பாத்துன மனுஷன்னு ஒரு கோஷ்டி, செரோக்கிங்கிற பூர்வகுடி ஜனங்களை சொந்த மண்ணுலேருந்து விரட்டி விட்ட ஆளுன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரு சொல்றதும் உண்மை தான். ஆனா வழக்கமா என்ன பண்றாங்கன்னா இதை வரவுல எழுதி அதை செலவுல எழுதி கழிச்சுப் பாத்து மிச்சம் இவ்ளோன்னு மார்க் போடுறாங்க, எனக்கு அங்க தான் இடிக்குது. ரெண்டும் தனித்தனி கணக்கே கிடையாது. 1832-ல ஒரே கேள்வி ரெண்டு மாநிலத்துலேருந்து ஜாக்சன் மேஜைக்கு வந்துச்சு, வாஷிங்டன் சொல்றதை ஒரு மாநிலம் கேக்க மாட்டேன்னு சொன்னா என்ன பண்றது? ஒரு மாநிலத்துக்கு பட்டாளத்தை அனுப்புவேன்னாரு, இன்னொரு மாநிலத்துக்கு கதவைத் திறந்து விட்டாரு. அதுலயும் ஒண்ணை முடிக்க இன்னொண்ணை விலையா கொடுத்த மாதிரி ஒரு சமாசாரம் நடுவுல இருக்கு, தேதி வாரியா பாத்தா தான் அது புரியும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நம்ம ஊர்ல மாநில உரிமைன்னா அது காதுக்கு நல்லா விழுற வார்த்தை, மொழி, பள்ளிக்கூடம், வரிப் பங்குன்னு தான் ஞாபகம் வரும். அமெரிக்காவுல அதே வார்த்தைக்கு அடியில வேற வாசனை இருக்கு, அதை இங்கத்த மூக்கால மோந்து பாத்தா தப்பாப் போயிடும். இன்னொண்ணு, அங்கத்த மத்திய அரசை ஒன்றிய அரசுன்னு எழுதினா கச்சிதமா பொருந்தும், யூனியன்னு தான் அவங்களே அதைக் கூப்பிட்டாங்க. ஆனாலும் பழக்க தோஷம், வாஷிங்டன்னே எழுதிடுறேன்.

கதை இறக்குமதி வரியில ஆரம்பிக்குது. 1828 மே மாசம் அப்போதைய அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு, வெளிநாட்டு சரக்குக்கு வரி எக்கச்சக்கமா ஏறிடுச்சு. வடக்குல அப்ப தான் நெசவு மில்லும் இரும்புப் பட்டறையும் தலையெடுக்குது, இங்கிலாந்து சரக்கு சல்லிசா வந்து இறங்கினா இவங்க கடையை மூட வேண்டியது தான், அதனால அவங்களுக்கு இந்த வரி வேணும். தெக்க இருக்கிறவங்களுக்கு இது தலைகீழ். அவங்க விளைவிக்கிறது பருத்தி (அவங்கன்னா அவங்க கை இல்ல, அடிமைகளோட கை), விக்கிறது இங்கிலாந்துக்கு, வாங்குறது அங்கேருந்து வர்ற துணிமணி சாமான். வரி ஏறினா வாங்குற சாமான் விலை ஏறும், இங்கிலாந்துக்காரன் இங்க சரக்கு விக்க முடியலேன்னா நம்ம பருத்தியை எந்தக் காசுல வாங்குவான்னு பயம் வேற. சவுத் கரோலினாக்காரரு ஜார்ஜ் மெக்டஃபின்னு ஒருத்தர் மேடை மேடையா ஒரு கணக்கு சொன்னாரு, நீ விளைவிக்கிற 100 பொதி பருத்தியில 40 பொதியை வடக்கத்தி ஆளு வந்து அள்ளிட்டுப் போறான்னு. கணக்கா பாத்தா ஓட்டை, மேடையில பிச்சு உதறுச்சு. உண்மையில சவுத் கரோலினா மண்ணு ஏற்கனவே சக்கையாப் போயிருந்துச்சு, புது மண்ணைத் தேடி ஜனம் அலபாமா மிசிசிப்பி பக்கம் கெளம்பிட்டு இருந்துச்சு, பருத்தி விலையும் அந்த 10 வருஷமா சரிஞ்சு கிடந்துச்சு. எல்லாத்துக்கும் சேத்து பழி வரி மேல விழுந்துச்சு.

இதுக்கு சட்ட ரீதியா ஒரு மருந்து கண்டுபிடிச்சவர் ஜான் கால்ஹூன். ஆளு யாருன்னா நாட்டோட துணை அதிபர். ஆடம்ஸ்கிட்டயும் துணை அதிபர், அடுத்து வந்த ஜாக்சன்கிட்டயும் துணை அதிபர். 1816-ல இதே மாதிரி பாதுகாப்பு வரியை ஆதரிச்சுப் பேசுன மனுஷன் வேற, ஆனா ஊருக்குள்ள காத்து மாறிடுச்சு. 1828 டிசம்பர்ல பேரு போடாம ஒரு நீளமான அறிக்கை எழுதிக் கொடுத்தாரு, அதைத் தான் சவுத் கரோலினா சட்டசபை அச்சடிச்சு வெளியிட்டுச்சு. அவரோட வாதம் என்னன்னா அரசியல் சாசனம்ங்கிறது மாநிலங்கள் தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட ஒப்பந்தம், ஒப்பந்தத்தை மீறிட்டாங்களா இல்லையான்னு சொல்ல வேண்டியது ஒப்பந்தம் போட்டவன், அதனால ஒரு மாநிலம் தனியா ஒரு மாநாடு கூட்டி இந்தச் சட்டம் எங்க எல்லைக்குள்ள செல்லாதுன்னு அறிவிக்கலாம், அப்புறம் வேணும்னா நாலுல மூணு பங்கு மாநிலங்கள் சேந்து சாசனத்தையே திருத்தி அந்த அதிகாரத்தை வாஷிங்டனுக்குக் கொடுக்கட்டும். இதுக்குப் பேரு நல்லிஃபிகேஷன். செல்லாக்காசு ஆக்குறதுன்னு வச்சுக்கங்களேன்.

இதுக்குத் தாத்தா 1798-ல இருக்காரு. பத்திரிகைக்காரங்களைப் பிடிச்சு உள்ள போடுறதுக்குன்னு அப்ப ஒரு தேசத்துரோகச் சட்டம் வந்துச்சு, அதை எதிர்த்து ஜெஃபர்சனும் மேடிசனும் ரகசியமா கென்டக்கிக்கும் வர்ஜினியாவுக்கும் தீர்மானம் எழுதிக் கொடுத்தாங்க. கால்ஹூன் கோஷ்டி அதைத் தான் தூக்கிப் பிடிச்சுது. இதுல வேடிக்கை என்னன்னா மேடிசன் அப்ப இன்னும் உயிரோட இருக்காரு, 80 வயசை நெருங்கிட்டாரு, அவரே பேனாவை எடுத்து "நாங்க எழுதுனதுக்கு இது அர்த்தம் இல்லப்பா, ஒத்தை மாநிலம் ஒரு சட்டத்தை ரத்து பண்ணலாம்னு நாங்க சொல்லவே இல்ல"ன்னு எழுதினாரு. யாரு கேட்டா?

1830 ஜனவரியில செனட்ல மாசசூசெட்ஸ் செனட்டர் டேனியல் வெப்ஸ்டரும் சவுத் கரோலினா செனட்டர் ராபர்ட் ஹெய்னும் இதை வச்சு நாள் கணக்கா மோதினாங்க. அதைவிட எனக்குப் பிடிச்ச சீன் அந்த வருஷம் ஏப்ரல் 13 ராத்திரி விருந்து. ஜெஃபர்சன் பொறந்தநாள் விருந்து, மேஜை பூரா நல்லிஃபிகேஷன் ஆளுங்க, வரிசையா எந்திரிச்சு மாநில உரிமையைப் புகழ்ந்து கோப்பையைத் தூக்கிட்டு இருக்காங்க, ஜாக்சனும் தெக்கத்தி ஆளு தானே, அடிமை வச்சிருக்கிற பண்ணைக்காரர் தானே, நம்ம பக்கம் தான்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. ஜாக்சன் எந்திரிச்சாரு. "நம்ம கூட்டாட்சி ஒன்றியம், அது காப்பாத்தப்பட்டே ஆகணும்"னு ஒத்தை வரி. அடுத்து கால்ஹூன் எந்திரிச்சு "ஒன்றியம், நம்ம சுதந்திரத்துக்கு அடுத்தபடியா ரொம்பப் பிரியமானது"ன்னாரு. அடுத்தபடியான்னு அவர் சொன்ன அந்த வார்த்தையில தான் மொத்த சண்டையும் உக்காந்திருக்கு. (இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மந்திரி பொண்டாட்டிகள் சண்டை, பழைய கடிதம் ஒண்ணு வெளிய வந்த சண்டைன்னு நெறைய இருக்கு, அதெல்லாம் இங்க தேவையில்ல.)

1832 ஜூலையில வரியைக் கொஞ்சம் குறைச்சாங்க. பத்தலைன்னு சொல்லி சவுத் கரோலினா தன் தலைநகர் கொலம்பியாவுல மாநாடு கூட்டி, நவம்பர் 24-ந் தேதி 136-க்கு 26-ன்னு வோட்டுப் போட்டு 1828 சட்டமும் 1832 சட்டமும் எங்க மாநிலத்துல செல்லாது, 1833 பிப்ரவரி 1-லேருந்து ஒரு பைசா வசூல் பண்ணக் கூடாது, படையை அனுப்புனா நாங்க பிரிஞ்சு போயிடுவோம்னு அறிவிச்சுட்டாங்க. அதே மாசம் தான் ஜாக்சன் ரெண்டாவது தடவை ஜெயிச்சிருந்தாரு. கால்ஹூன் துணை அதிபர் பதவியை ராஜினாமா பண்ணிட்டு செனட்டுக்கு வந்தாரு, ஹெய்ன் செனட்டை விட்டுட்டு ஊருக்குப் போய் கவர்னர் ஆனாரு.

ஜாக்சன் ரெண்டு வேலையை ஒண்ணா பண்ணாரு. சத்தமில்லாம ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டை சார்ல்ஸ்டன் துறைமுகக் கோட்டைகளைப் பலப்படுத்த அனுப்பினாரு, மாநிலத்துக்குள்ளேயே ஒன்றியத்து பக்கம் நின்ன கோஷ்டியோட தொடர்பு வச்சுக்கிட்டாரு, அந்த கோஷ்டிக்குத் தலைவர் ஜோயல் பாயின்செட். (கிறிஸ்துமஸ் சமயத்துல தொட்டியில சிவப்பா விக்கிற பாயின்செட்டியா செடி இருக்குல்ல, மெக்சிகோவுல தூதரா இருந்தப்ப அதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தவர் இவர் தான்.) இன்னொரு பக்கம் டிசம்பர் 10-ந் தேதி சத்தமா ஒரு பிரகடனம். வெளியுறவு மந்திரி எட்வர்ட் லிவிங்ஸ்டன் எழுத்துல கை கொடுத்தாரு, ஆனா கோவம் ஜாக்சனோடது. சாசனம் உண்டாக்குனது ஒரு அரசாங்கத்தை, கூட்டணியை இல்ல. ஒரு மாநிலம் சட்டத்தை ரத்து பண்றதுங்கிறது ஒன்றியம் இருக்கிறதுக்கே ஒத்து வராது. ஆயுதம் ஏந்திப் பிரிஞ்சா அது தேசத்துரோகம். படிச்சா இன்னைக்கும் சூடா தான் இருக்கு. வேற ஒரு மாநிலம் கூட சவுத் கரோலினா கூட வந்து நிக்கல, பருத்தி விளைவிக்கிற அக்கம்பக்கத்து மாநிலம் உட்பட.

இதோட நிறுத்திட்டா ஜாக்சன் ஹீரோ தான், பாதிப் புத்தகங்கள் இங்க தான் நிறுத்துது.

வரி தான் உண்மையான பிரச்சனையான்னு ஒரு கேள்வி இருக்கே. இதுக்கு சண்டை போட்ட ரெண்டு பேருமே ஒரே பதில் எழுதி வச்சிருக்காங்க, அது தான் ஆச்சரியம். 1830 செப்டம்பர்ல கால்ஹூன் ஒரு நண்பருக்கு எழுதுன கடிதத்துல, வரி இதுக்கு ஒரு சந்தர்ப்பம் மட்டும் தான், நிஜக் காரணம் வேற, தென் மாநிலங்களோட அந்த விசேஷமான உள்நாட்டு ஏற்பாடு தான்னு சொல்றாரு. அடிமை முறைன்னு வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க, அந்தக் காலத்துல அதுக்கு அப்படி ஒரு பூசி மொழுகுன பேரு. 1833 மே மாசம், எல்லாம் அடங்குன பிறகு, ஜாக்சன் ஒரு கடிதத்துல எழுதுறாரு, வரி வெறும் சாக்கு, பிரிவினை தான் குறி, அடுத்த சாக்கு நீக்ரோ விவகாரம் இல்லேன்னா அடிமை விவகாரமா இருக்கும்னு. 28 வருஷம் கழிச்சு வெடிக்கப் போற உள்நாட்டுப் போரை மனுஷன் அப்பவே சொல்லிட்டாரு.

சவுத் கரோலினாவுல அப்ப பாதிக்கும் மேல ஜனத்தொகை அடிமைகள். 1822-ல சார்ல்ஸ்டன்ல டென்மார்க் வீசின்னு விடுதலை வாங்குன ஒரு கறுப்பர் புரட்சிக்குத் திட்டம் போட்டதா சொல்லி அவரையும் இன்னும் பல பேரையும் தூக்குல போட்டாங்க. பயம் தெளியாத அதே வருஷம் ஒரு சட்டம் வந்துச்சு, எந்த ஊர்க் கப்பல் வந்தாலும் அதுல இருக்கிற சுதந்திரமான கறுப்பு மாலுமிகளைக் கப்பல் கெளம்புற வரைக்கும் ஜெயில்ல வைக்கணும்னு. பிரிட்டிஷ் கப்பல்காரங்க கத்துனாங்க, 1823-ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் ஜான்சன், அவரே சார்ல்ஸ்டன்காரர், இந்தச் சட்டம் சாசனத்துக்கு விரோதம்னு சொன்னாரு. மாநிலம் கண்டுக்கவே இல்ல, தொடர்ந்து பிடிச்சு உள்ள போட்டுக்கிட்டே இருந்துச்சு. கவனிங்க, பேரு வைக்காத நல்லிஃபிகேஷன் இது, 1832-க்கு 10 வருஷம் முன்னாடியே. அதுக்கு யாரும் பட்டாளம் அனுப்பல. வாஷிங்டன் கஜானாவுக்கு வர்ற காசுல கை வச்சப்ப தான் பட்டாளம் கெளம்புச்சு.

இப்ப ஜார்ஜியாவுக்கு வருவோம், எனக்கு இந்தப் பாதி தான் முக்கியம்.

செரோக்கி ஜனங்களுக்கு அப்ப ஜார்ஜியா வடக்குல சொந்த நிலம் இருந்துச்சு, வாஷிங்டனோட எழுதிக்கிட்ட ஒப்பந்தங்கள் இருந்துச்சு, 1785-லயும் 1791-லயும் போட்டது. சாசனப்படி ஒப்பந்தம்னா நாட்டோட உச்ச சட்டம், மாநிலச் சட்டத்துக்கு மேல. 1821 வாக்குல செக்வோயான்னு ஒருத்தர் தனி ஆளா உக்காந்து செரோக்கி மொழிக்கு எழுத்து உண்டாக்கினாரு. ஒவ்வொரு எழுத்தும் நம்ம உயிர்மெய் மாதிரி ஒரு முழு அசை, அதனால ஜனங்க சீக்கிரமே கத்துக்கிட்டாங்க. 1827-ல எழுத்துல சாசனம், 1828-ல நியூ எச்சோட்டாங்கிற தலைநகர்லேருந்து ரெண்டு மொழியில பேப்பர். காட்டுல அலையிற கூட்டம்னு சொல்லி விரட்டுறதுக்கு வழியில்லாத அளவுக்கு அரசாங்கம் நடத்திக்கிட்டு இருந்தாங்க. அவங்கள்ல வசதியானவங்க அடிமையும் வச்சிருந்தாங்க, 1835 கணக்கெடுப்புல 1,500-க்கு மேல, அதையும் மறைக்க வேண்டாம்.

ஜார்ஜியாவுக்கு அந்த நிலம் வேணும். அந்த சமயத்துல டலோனெகா பக்கம் தங்கம் வேற கெடச்சுது. மாநிலம் சட்டம் போட்டுச்சு, செரோக்கி சட்டம் எல்லாம் செல்லாது, இனி அந்த மண்ணு எங்க சட்டத்துக்குக் கீழன்னு. வாஷிங்டன் போட்ட ஒப்பந்தத்தை ஒரு மாநிலம் செல்லாதுன்னு சொல்லுது, நல்லிஃபிகேஷன்ங்கிற வார்த்தையைத் தவிர எல்லாமே அதுல இருக்கு. 1830 டிசம்பர்ல கார்ன் டாசல்னு ஒரு செரோக்கிக்காரர் வழக்கை சுப்ரீம் கோர்ட் விசாரணைக்கு எடுத்து நோட்டீஸ் அனுப்பினா, ஜார்ஜியா அதை மதிக்காம டிசம்பர் 24-ந் தேதி அவரைத் தூக்குல போட்டுடுச்சு.

ஜாக்சன் என்ன பண்ணாரு? 1830 மே 28-ந் தேதி பூர்வகுடிகளை அப்புறப்படுத்துற சட்டத்துல கையெழுத்து போட்டாரு, கீழ் சபையில 102-க்கு 97-ன்னு மயிரிழையில பாஸ் ஆனது. அதுக்கு முந்தின நாள் தான் கென்டக்கியில ஒரு ரோடு போட வாஷிங்டன் காசு கொடுக்கக் கூடாது, அது மாநில விவகாரம்னு மேஸ்வில் ரோடு மசோதாவைத் திருப்பி அனுப்பினாரு. முதல் நாள் ரோடு போட அதிகாரம் இல்ல, மறுநாள் ஒரு தேசத்தையே இடம் பெயர்க்க அதிகாரம் இருக்கு!

அப்புறம் சாமுவேல் வூஸ்டர் கேஸ். வெர்மான்ட்லேருந்து வந்த பாதிரியார், செரோக்கி அச்சுவேலைக்கு உதவி பண்ணிட்டு நியூ எச்சோட்டாவுல இருந்தாரு. செரோக்கி மண்ணுல வெள்ளைக்காரன் இருக்கணும்னா ஜார்ஜியாகிட்ட லைசென்ஸ் வாங்கி விசுவாசப் பிரமாணம் எடுக்கணும்னு மாநிலம் சட்டம் போட்டுச்சு, இவர் மாட்டேன்னாரு. 1831-ல முதல் தடவை பிடிச்சப்ப விட்டுட்டாங்க, ஏன்னா அவர் அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர், அதாவது வாஷிங்டன் ஊழியர். அப்ப என்ன நடந்துச்சு தெரியுமா, வாஷிங்டன் அவரை போஸ்ட்மாஸ்டர் வேலையிலேருந்து தூக்கிடுச்சு. உடனே ஜார்ஜியா மறுபடி பிடிச்சு 4 வருஷம் கடுங்காவல் போட்டுச்சு. அவரோட சேத்து தண்டனை ஆனது 11 பேரு, 9 பேரு மன்னிப்பை வாங்கிட்டு வெளிய வந்துட்டாங்க, வூஸ்டரும் எலிசூர் பட்லரும் மட்டும் மாட்டோம்னு மில்லெட்ஜ்வில் ஜெயில்ல இருந்தாங்க.

1832 மார்ச் 3, தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு. செரோக்கி தேசம் தனிச் சமுதாயம், அதோட எல்லைக்குள்ள ஜார்ஜியா சட்டத்துக்கு வலு கிடையாது. ஜார்ஜியா பக்கத்துலேருந்து கோர்ட்டுல வாதாட ஒரு ஆள் கூட வரல. தீர்ப்பு வந்தும் மாநிலம் ஆளை விடல.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணணும், ஏன்னா சண்டையில எல்லாரும் இதைத் தான் முதல்ல எடுத்து வீசுவாங்க. "மார்ஷல் தீர்ப்பு சொல்லிட்டாருல்ல, அவரே போய் நிறைவேத்தட்டும்"னு ஜாக்சன் சொன்னதா ஒரு வசனம் சுத்துது. அந்த வசனம் அச்சுல வந்தது 30 வருஷத்துக்கு மேல கழிச்சு, ஹொரஸ் க்ரீலிங்கிற பத்திரிகைக்காரர் எழுதுனதுல. ஜாக்சன் அப்படிச் சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. ஆனா 1832 ஏப்ரல்ல நண்பர் ஜான் காஃபிக்கு எழுதுன கடிதம் இருக்கு, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு செத்துப் பொறந்துச்சு, ஜார்ஜியாவைப் பணிய வைக்க முடியலன்னு அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சுன்னு. அதைவிட இது ஒண்ணும் சாது இல்ல.

ஜாக்சனுக்காகப் பேசுறவங்களோட நல்ல பாயிண்ட் ஒண்ணு இருக்கு, அதை ஒதுக்க முடியாது. 1789 சட்டப்படி மாநிலக் கோர்ட் கீழ்ப்படியலேன்னா சுப்ரீம் கோர்ட் மறுபடி உக்காந்து அடுத்த உத்தரவு போடணும், மார்ச்ல தீர்ப்பு சொல்லிட்டு கோர்ட் கலைஞ்சு போயிடுச்சு, அடுத்து கூடுறது 1833 ஜனவரியில. அதனால 1832-ல ஜாக்சன் நிறைவேத்துறதுக்கு சட்டப்படி எதுவுமே அவர் கையில இல்ல. சரி, ஒத்துக்கறேன். ஆனா போஸ்ட்மாஸ்டரை வேலையை விட்டு எடுத்தது யாரு? 1830-ல தங்கம் கெடச்ச இடத்துல காவலுக்கு இருந்த வாஷிங்டன் படையை ஜார்ஜியா கவர்னர் கேட்டுக்கிட்டாருன்னு திரும்பக் கூப்பிட்டது யாரு? சும்மா இருந்தாருன்னு சொல்றது அவருக்குக் கொடுக்குற சலுகை.

இப்ப ரெண்டு கதையையும் ஒரே காலண்டர்ல வைங்க. 1832 டிசம்பர், ஜாக்சன் பிரகடனம் வந்துடுச்சு, சவுத் கரோலினா மேல உலகத்துக் கோவம் எல்லாம் கொட்டியாச்சு. பக்கத்துலயே ஜார்ஜியா, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பையே மதிக்காம ரெண்டு பாதிரியாரை ஜெயில்ல வச்சிருக்கு. அடுத்த மாசம் கோர்ட் கூடப் போகுது. கோர்ட் அடுத்த உத்தரவு போட்டா ஜாக்சன் ஜார்ஜியாவையும் அடிக்கணும், அடிச்சா ஜார்ஜியாவும் அலபாமாவும் மிசிசிப்பியும் சவுத் கரோலினா பக்கம் சாஞ்சுடும். அடிக்கலேன்னா பிரகடனம் வெறும் காயிதம். வசமா மாட்டிக்கிட்டாரு. அதனால ஜாக்சன் ஆளுங்க கவர்னர் வில்சன் லம்ப்கினை நெருக்குனாங்க, பாதிரியார்களை விட்டுடுங்கன்னு. அந்தப் பக்கம் பாதிரியார்கள்கிட்டயும் ஒன்றியத்துக்காக வழக்கை விட்டுடுங்கன்னு அவங்க நண்பர்களே சொன்னாங்க. 1833 ஜனவரி 14-ந் தேதி வூஸ்டரும் பட்லரும் வெளிய வந்தாங்க. ஜனவரி 16-ந் தேதி, எண்ணி ரெண்டே நாள், சவுத் கரோலினா மேல படையைப் பயன்படுத்த அதிகாரம் வேணும்னு ஜாக்சன் காங்கிரசுக்கு செய்தி அனுப்பினாரு.

அந்த ரெண்டு நாள் இடைவெளி தான் இந்த ஆய்வுல நான் வந்து நிக்கிற இடம். ஒன்றியம் காப்பாத்தப்பட்டுச்சு, ஆமா. அதுக்கு ஜார்ஜியா வாயை அடைக்கணும், ஜார்ஜியா வாயை அடைக்கிறதுன்னா செரோக்கி நிலத்தைப் பத்தி இனிமே கேள்வி கேக்காம இருக்கிறது. ஆளை விட்டாங்க, தீர்ப்பை விட்டுட்டாங்க. அந்த நிலத்தை 1832-லேயே ஜார்ஜியா தன் ஜனங்களுக்கு லாட்டரி போட்டு பிரிக்க ஆரம்பிச்சிருந்துச்சு, வீட்டுக்குள்ள செரோக்கி குடும்பம் இருக்கிறப்பவே வெளிய ஒருத்தன் சீட்டோட வந்து நிப்பான்.

சவுத் கரோலினா முடிவு சட்டுனு வந்துச்சு. செனட்டர் ஹென்றி க்ளே ஒரு சமரச வரிச் சட்டம் கொண்டு வந்தாரு, 1842-க்குள்ள படிப்படியா 20 சதவீதத்துக்குக் கொண்டு வர்றதுன்னு. படை அதிகாரச் சட்டமும் அந்த வரிச் சட்டமும் ஒரே நாள், 1833 மார்ச் 2, கையெழுத்தாச்சு. ஒரு கையில பிரம்பு ஒரு கையில பலகாரம். சவுத் கரோலினா மாநாடு மறுபடி கூடி வரி ரத்து அறிவிப்பை வாபஸ் வாங்குச்சு, மூணு நாள் கழிச்சு, சும்மா போக மனசு வராம, படை அதிகாரச் சட்டத்தைச் செல்லாதுன்னு அறிவிச்சுட்டு கலைஞ்சுது. மீசையில மண் ஒட்டல! ரெண்டு பக்கமும் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிட்டாங்க, ரெண்டு பக்கத்துக்கும் காரணம் இருந்துச்சு.

இதே சார்ல்ஸ்டன்ல ரெண்டரை வருஷம் கழிச்சு, 1835 ஜூலையில, அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காரங்க அனுப்புன துண்டறிக்கை மூட்டை தபால்ல வந்துச்சு, ஒரு கும்பல் போஸ்ட் ஆபீசுக்குள்ள புகுந்து எடுத்துட்டுப் போய் மறுநாள் ராத்திரி கொளுத்துச்சு. வாஷிங்டன் தபால், வாஷிங்டன் ஆபீஸ். ஜாக்சனோட தபால் மந்திரி ஏமோஸ் கெண்டல் உள்ளூர் போஸ்ட்மாஸ்டர்களை அந்தத் தபாலை நிறுத்தி வைக்க விட்டுட்டாரு, ஜாக்சன் அந்த டிசம்பர்ல அப்படிப்பட்ட தபாலைத் தெக்க அனுப்பவே தடை பண்ணி சட்டம் போடுங்கன்னு காங்கிரசைக் கேட்டாரு. கால்ஹூன் எதிர்த்தாரு, எதைத் தடை பண்ணணும்னு மாநிலம் தான் சொல்லணும், வாஷிங்டன் சொல்லக் கூடாதுன்னு. சண்டை வழியைப் பத்தி மட்டும் தான், நெருப்பு வச்சதைப் பத்தி இல்ல. சுங்க வரிக்கு கோட்டையைப் பலப்படுத்துன அதே ஊரு!

செரோக்கி முடிவு மெதுவா வந்துச்சு. 1835 டிசம்பர் 29-ல செரோக்கிகள்லயே ஒரு சின்ன கோஷ்டி நியூ எச்சோட்டாவுல நிலத்தை எழுதிக் கொடுத்துச்சு, செரோக்கி தேசத்தோட தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கான கையெழுத்தோட எதிர்த்து மனு போட்டாரு, செனட்ல ஒத்தை வோட்டு வித்தியாசத்துல அந்த ஒப்பந்தம் நிறைவேறுச்சு. 1838-ல ஜாக்சன் பதவியில இல்ல, வான் பியூரன் அதிபர். செரோக்கிகளைப் பிடிச்சு முகாம்ல அடைச்சு மேக்க அனுப்ப வந்த படைக்குத் தளபதி யாருன்னா, 1832-ல சார்ல்ஸ்டனுக்குப் போன அதே வின்ஃபீல்ட் ஸ்காட். சுமார் 16,000 பேரு போனாங்க, ஏறத்தாழ 4,000 பேரு முகாம்லயும் வழியிலயும் செத்தாங்கன்னு பொதுவா சொல்ற கணக்கு.

அப்புறம் இந்த ரெண்டு ஜாக்சனையும் ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க. 1860 டிசம்பர்ல, தெக்கு பிரியக் கெளம்புனப்ப, அதிபர் ஜேம்ஸ் பியூகானன் பிரிஞ்சு போறது சட்ட விரோதம் ஆனா தடுக்க எனக்கு அதிகாரம் இல்லன்னு கையை விரிச்சாரு. லிங்கன் பதவியேற்பு உரை எழுத உக்காந்தப்ப கேட்டு வாங்குன சில காகிதங்கள்ல ஜாக்சனோட 1832 பிரகடனமும் ஒண்ணு. ஆனா ஜாக்சனோட அட்டர்னி ஜெனரலா இருந்து அவரால தலைமை நீதிபதி ஆன ரோஜர் டேனி தான் 1857-ல ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு எழுதுனவரு, கறுப்பர் குடிமகனே இல்லன்னு சொன்ன தீர்ப்பு. இதுவும் அதே ஆளோட வாரிசு தான்.

மாநில உரிமைக்காகத் தான் தெக்கு பிரிஞ்சுதுன்னு இன்னைக்கும் சொல்றவங்க சவுத் கரோலினா 1860 டிசம்பர்ல வெளியிட்ட காரண அறிக்கையை ஒரு தடவை உக்காந்து படிக்கணும். அதுல இருக்கிற பெரிய புகாரே வட மாநிலங்கள் தங்களோட மாநில உரிமையைப் பயன்படுத்துதுன்னு தான். தப்பி வந்த அடிமையைப் பிடிச்சுக் கொடுக்கிற வாஷிங்டன் சட்டத்தை அவங்க மதிக்கலையாம், நியூயார்க்குல அடிமையோட வழிப்போக்கா தங்கக் கூட விடலையாம். விஸ்கான்சின் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டமே செல்லாதுன்னு சொல்லிப் பாத்துச்சு, 1859-ல டேனி அதை அடிச்சு நொறுக்கினாரு. விஸ்கான்சின் சட்டசபை பதிலுக்கு எதை எடுத்து வீசுச்சுன்னா ஜெஃபர்சனோட கென்டக்கி தீர்மான வாசகத்தை. கால்ஹூன் ஆயுதத்தை அடிமை ஒழிப்புக்காரன் தூக்குறான், தெக்கு வாஷிங்டன் அதிகாரத்துக்கு வக்காலத்து வாங்குது. 1957-ல லிட்டில் ராக் பள்ளிக்கூட வாசல்ல 9 கறுப்புப் பிள்ளைகளை மறிக்க ஆர்கன்சா கவர்னர் ஃபாபஸ் மாநிலக் காவல் படையை நிறுத்தினாரு, அதிபர் ஐசன்ஹோவர் பட்டாளத்தை அனுப்பினாரு, அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் ஃபாபஸ்க்கு எதிரா மேற்கோள் காட்டுன பழைய தீர்ப்புகள்ல ஒண்ணு டேனியோட அந்த 1859 தீர்ப்பு. அடிமையைத் திருப்பிப் பிடிக்க எழுதுனது, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விடப் பயன்பட்டுச்சு.

அதனால ஒருத்தர் மாநில உரிமைக்கு ஆதரவா எதிர்ப்பான்னு கேட்டா எனக்கு அது பாதி கேள்வி மாதிரி தான் படுது. எந்த மாநிலம், யாரு மேல, எதைச் செய்ய உரிமைங்கிறது மீதி பாதி. ஜாக்சனை அந்த மீதிப் பாதியில வச்சு மார்க் போட ஆரம்பிச்ச பிறகு அவர் எடமும் இறங்குது. 1948-ல ஆர்தர் ஷ்லெசிங்கர் மூத்தவர் வரலாற்று ஆளுங்ககிட்ட நடத்துன கணிப்புல 6-வது எடம். சி-ஸ்பான் டிவி நடத்துன கணிப்புல 2000-ல 13, 2017-ல 18, 2021-ல 22. 20 டாலர் நோட்டுல இருந்து ஜாக்சன் படத்தை எடுத்துட்டு, அடிமைத்தனத்துலேருந்து தப்பி வந்து மத்தவங்களையும் மீட்ட ஹாரியட் டப்மனைப் போடலாம்னு 2016-ல அறிவிச்சாங்க, அதுல இன்னும் ஜாக்சன் தான் இருக்காரு. காயிதப் பணத்தையும் பேங்கையும் வாழ்நாள் பூரா திட்டுன மனுஷனுக்கு அது மரியாதையா தண்டனையான்னு தெரியல.

வூஸ்டர் செரோக்கிகளுக்கு முன்னாடியே மேக்க போய், இன்னைக்கு ஒக்லஹோமா ஆன இடத்துல அச்சுக்கூடம் வச்சு 1859-ல அங்கேயே செத்தாரு. 1992-ல ஜார்ஜியா அவருக்கும் பட்லருக்கும் அதிகாரபூர்வமா மன்னிப்பு கொடுத்துச்சு, குற்றமே இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 1832-லேயே சொன்ன விஷயத்துக்கு. 2022 ஜூன்ல அதே சுப்ரீம் கோர்ட்டுல, செரோக்கி எல்லைக்குள்ள நடந்த ஒரு குற்றத்தை ஒக்லஹோமா மாநிலம் விசாரிக்கலாமான்னு ஒரு வழக்கு வந்துச்சு. விசாரிக்கலாம்னு 5-க்கு 4 தீர்ப்பு, வூஸ்டர் காலத்துப் பார்வை 1800கள்லேயே கைவிடப்பட்டுச்சுன்னு பெரும்பான்மைக்கு எழுதுனது நீதிபதி கவனா. எதிர்த்து எழுதுன நீதிபதி கோர்சச் ஆரம்பிச்சதே 1830கள் ஜார்ஜியாவுலேருந்து தான், அன்னைக்கு உறுதியா நின்ன இடத்துல இன்னைக்கு இந்தக் கோர்ட் வாடிப்போச்சுன்னு.